எம்.ஜி.பி பின் அச்சில் கீச்சொலி: சுங்கை சிப்புட் பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள பட்டறைக்கு வந்தது 1972 எம்.ஜி.பி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். கம்பிச் சக்கரம், பின்னால் பட்டை ஸ்பிரிங் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்). பின்பக்கம் கீச்சிடுகிறது என்று வந்திருக்கிறது. ஹாஜிப் பெருநாள் விடுமுறை என்பதால் தோட்டத்துச் சாலையில் லாரி நடமாட்டம் இல்லை, காதுக்கு வசதி.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஓசை சக்கரம் சுற்றுவதோடு போகிறதா, வண்டி குலுங்குவதோடு போகிறதா? இதைத் தீர்க்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

மணிக்கு 5 கிலோமீட்டரில் சமதரையில் ஓட்டிக் கேட்டோம். அந்த வேகத்தில் இந்த அளவு டயர் விநாடிக்கு முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகத்தான் சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 3.909. ஆகவே கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் விநாடிக்கு மூன்று சுற்றுக்குக் கிட்டத்தட்ட வரும். கீச், கீச் என்று வேகமாக வந்தால் அந்த ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பு, அதாவது கிரீஸ் காய்ந்துபோன யுனிவர்சல் ஜாயிண்ட் மேல் சந்தேகம். சாவகாசமாக வந்தால் சக்கரம், பிரேக் டிரம், ஹப் (சக்கரம் மாட்டும் நடுக்குடம்). இங்கே சாவகாசம்தான், இடப்பக்கம்.

நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் மூலையை அழுத்தி விட்டால் வேறொரு ஓசை: 'கிர்ர்ரீச்'. ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடி குலுக்கினால் ஏமாந்துபோவோம். ஸ்பிரிங் நிமிரும்போது அச்சு கொஞ்சம் பின்னால் போகும். சக்கரம் உருள முடியாமல் பிரேக் ஷூ முனகும்.

ஆக இரண்டு கோளாறு. மாலை மழையில் நனைந்தபின் குலுக்கல் ஓசை மட்டும் காணாமல் போயிற்று. தண்ணீர் பட்டு அடங்குவது வெளியே தெரியும் ரப்பரிலோ பட்டைகளுக்கு இடையிலோ பிறக்கும் ஓசை.

ஜூன் 8, ஞாயிறு

இடப் பின்சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். 'டக்' என்று இடம் கொடுத்தால் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் ஹப்பின் நீள்பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இடம் கொடுக்கவில்லை, நல்லது. சக்கரத்தின் நடு நட்டைக் கழற்றும்போது அதன் மேலுள்ள அம்புக்குறியைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். இரு பக்கமும் மரை எதிரெதிர்.

பற்களில் கிரீஸ் துளியும் இல்லை, செந்நிறத் துரு மட்டும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு, துடைத்துக் காயவிட்டு, பல் முனை கத்திபோல் கூர்ந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவினோம். கூர்ந்திருந்தால் சக்கரமும் ஹப்பும் சேர்த்து மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும். இங்கே தட்டையாகவே இருக்கின்றன. பற்களிலும் உட்கூம்பிலும் மெல்லிய படலமாகக் கிரீஸ். அப்பிவிட்டால் ஓடும்போது தெறித்து டயரில் வழியும். உருளும் ஓசை இதோடு போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

பின் ஷேக்கிளுக்கு (ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டி உடலோடு சேர்த்து ஆடவிடும் இணைப்பு) ரப்பர் புஷ், அதாவது ரப்பர் உறை, எட்டு (ஒரு பக்கத்துக்கு நான்கு) சொல்லியாயிற்று. பாலியூரித்தேன் வேண்டாம். அதற்குரிய கிரீஸ் வறண்டால் அதுவே கீச்சிடும்; செம்மண் தூசியில் சீக்கிரம் வறளும்.

ஜூன் 14, சனி

சோப்புத் தண்ணீரை ஒவ்வோர் இணைப்பிலும் தனித்தனியாகப் பீய்ச்சிக் குலுக்கினோம். ஷேக்கிளில் பட்டதும் பாதி ஓசை அடங்கியது, பட்டைகளின் முனையில் பட்டதும் மீதி.

வண்டியின் உடலை ஸ்பிரிங்கின் முன் பிடிப்புக்கு அருகே ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சின் அடியில் ஜேக். ஷேக்கிள் கையால் ஆடும் அளவுக்கு ஜேக்கை ஏற்றி இறக்கிச் சுமையை எடுத்தபின்தான் ஷேக்கிளின் ஊசியைத் தட்டிக் கழற்ற வேண்டும். எல்லாம் அங்குல நட். அரை அங்குலத்துக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும்.

பழைய புஷ்கள் ஊதி, பிசுபிசுத்து, ஓரத்தில் பிதுங்கியிருந்தன. யாரோ ஓசையை அடக்கச் சாதாரண கிரீஸ் அடித்திருக்கிறார்கள். ரப்பர் ஷீட்டில் டீசல் பட்டால் என்ன ஆகும் என்று ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனிம எண்ணெயைக் குடித்த ரப்பர் சில வாரம் அமைதியாக இருக்கும், பிறகு உதிரும், இரும்பும் இரும்பும் உரசும். புதிய புஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நுழைத்தாலே போதும். கிரீஸ்தான் வேண்டுமென்றால் சிலிகோன், அல்லது பிரேக் ரப்பருக்கான சிவப்பு கிரீஸ்.

ஸ்பிரிங்கைக் கழற்றியதும் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு நடு போல்ட்டைத் தளர்த்தினோம். கிளாம்ப் இல்லாமல் தளர்த்தினால் பட்டைகள் எகிறிக் கையைப் பதம் பார்க்கும். கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் பள்ளம் தோண்டியிருந்தது. முனையை உருட்டையாகத் தேய்த்து, துருவைச் சுரண்டி, உலர்ந்த கிராஃபைட் பூசினோம். இந்த மண்ணுக்குக் கிரீஸ் ஆகாது. தூசியோடு கலந்து அரைக்கும் சாந்தாகிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லா போல்ட்டும் விரல் இறுக்கம் மட்டும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை குலுக்கி, அதன் சொந்த எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். ஸ்பிரிங்கின் முன்கண்ணிலுள்ள புஷ் இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிற்கும்போதே அது முறுக்கேறியிருக்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கேறிக் கிழியும். புதிய புஷ் மாட்டியும் மறுபடி கீச்சிடும் வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் ஒரு மெல்லிய முனகல், ஹேண்ட்பிரேக் இழுக்கும்போது மட்டும். காரணம், அச்சின் மேல் இருந்து இழுப்பை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் சமன் நெம்புகோல். அதில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன் வைத்து அடித்ததும் நின்றது.

ஜூன் 22, ஞாயிறு

ஈப்போவுக்கு மூன்று முறை போய் வந்தாயிற்று. அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட் நட்டுகள் இறுக்கியபோது கால் சுற்று ஏறின. இடையிலுள்ள ரப்பர் தட்டுகள் அமர்ந்ததால் இது வழக்கம். ஷேக்கிள் நட் அசையவில்லை.