தொண்ணூறு நொடியில் இருண்ட க்யூபெக்

சூரியப் புயல் வருகிறது, செல்போனை அணைத்து வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதை விடுங்கள், உண்மையில் நடந்ததே போதுமான திகில். 1989 மார்ச் 13 அதிகாலை 2:44க்கு கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு சுமார் 90 நொடிகளில் மொத்தமாகச் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை, அதுவும் அந்தக் குளிரில்.

சில நாள் முன்பு சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா (மின்னூட்டம் கொண்ட சூடான வாயு) மேகம் வந்து பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. காந்தப்புலம் மாறினால் மின்னோட்டம் தூண்டப்படும், பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். ஆனால் க்யூபெக் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை மேல், அதனால் அந்த மின்னோட்டம் ஜேம்ஸ் பே பகுதி அணைகளிலிருந்து தெற்கே வரும் 735 கிலோவோல்ட் கம்பிகளில், டிரான்ஸ்ஃபார்மர்களின் எர்த் இணைப்பு வழியாக ஏறிக்கொண்டது. ஏசிக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மரில் கிட்டத்தட்ட டிசி போன்ற ஒன்று புகுந்தால் இரும்பு உள்ளகம் இதற்கு மேல் காந்தமாக முடியாத அளவுக்கு நிறைந்து, மின்சாரத்தின் அலைவடிவமே கோணலாகிவிடும். வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த ஏழு ஈடுசெய் கருவிகளின் பாதுகாப்பு ரிலேக்கள் (ஆபத்து வந்தால் இணைப்பைத் துண்டிக்க வைப்பவை) அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு வரிசையாக டிரிப் ஆகின. ஏழும் ஒரு நிமிடத்துக்குள்! காவல்காரனே கதவைச் சாத்திவிட்டுப் போன கதை.

அப்புறம் அந்த மாகாணத்தின் மின்நிறுவனமான ஹைட்ரோ க்யூபெக் அந்த டிரிப் அளவுகளை உயர்த்தியது, அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும்படி நீண்ட கம்பிகளில் மின்தேக்கிகளையும் தொடராக இணைத்தது.