கர்ணன் சாகிற ராத்திரி

"வேண்டாம்மா, பிரஷர் ஏறிடும்." அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பென்னாகரம் பக்கம் அவர் வீடு. நாற்பது வருஷம் பாரதக் கூத்தில் கர்ணன் வேஷம் கட்டியவர். வாதம் வந்து வலது கை கால் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். 'தண்ணி' என்று சொல்ல வராமல் வாய் கோணும், கண் கலங்கிவிடும். ஆனால் ஒரு விருத்தத்தை நான் தப்பும் தவறுமாக எடுத்துவிட்டால் மீதியை அவரே பாடி முடிப்பார், ஒரு சொல் சிதையாமல்! மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு போனாலும் பாட்டுக்கு வலது பக்கம் கைகொடுக்கும் என்பார்கள். இதை வைத்து 1973-லேயே பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையைக் கொண்டுவந்தார்கள். சொல்லை ராகமாக இழுக்க வேண்டும், ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் ஒரு தட்டு. பேச்சுப் பயிற்சி என் வேலை இல்லைதான், அதற்கென்று பக்கத்தில் யாரும் கிடைக்காததால் தெரிந்தவரை செய்தேன். மூன்றாவது வாரம் "தண்...ணி" என்று பாடியே கேட்டார். அவர் சம்சாரம் சொம்போடு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஊரில் பாரதம் வைத்தார்கள். "கர்ணன் சாகிற ராத்திரி மட்டும் சேர் போட்டு உட்கார வெச்சுக்கிறோம் சார்" என்று அந்தம்மா கேட்டார். பிரஷர் கருவி 170/100 காட்டியது. வேண்டாம் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சொன்னது சரிதான். விடிய விடியக் கூட்டத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை வாதம் வந்திருந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் டாக்டருக்கு ஒரு போன் போட்டு, மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரமாவது அனுப்பலாமா என்று கேட்டிருக்கலாமே, அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? கலையும் உடல்நலமும் பற்றி 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பியவன் நான். என் இருபது நிமிஷப் பயிற்சிக்கு அவர் பாட்டு வேண்டியிருந்தது, அவருக்கு அது வேண்டியிருந்த ராத்திரியில் கருவியைக் காட்டினேன். இல்லை, 170 என்பது சின்ன விஷயமும் இல்லை.

அடுத்த முறை போனபோது அந்தம்மா சொன்னார், குழாய் ஸ்பீக்கர் சத்தம் வீடு வரைக்கும் கேட்டதாம். இவர் தூங்கவே இல்லையாம். விடியும்வரை இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்ததாம். அன்று 150/90 இருந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெரியும்.

"வர்ற மாசம் பக்கத்து ஊர்ல பாரதம் வைக்கிறாங்க சார்" என்றார் அந்தம்மா. கட்டிலில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.