கொடி மடிக்கும் பாடம்

"அப்படிச் சுருட்டக் கூடாது தம்பி."

சாயங்காலம் கொடியை இறக்கிய பையனிடம் எங்கள் குடியிருப்பின் காவலாளி ஐயா சொன்னார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர்.

பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திக் கொடியைப் பிடிக்க வைத்தார். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி ஒரு மடிப்பு. அப்புறம் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, நடுவில் அசோகச் சக்கரம் தெரிகிற மாதிரி. கடைசியில் அந்தப் பையனின் உள்ளங்கைகளில் வைத்தார். துணி ஒரு நொடிகூடத் தரையில் படவில்லை.

காலையில் மைக்கில் கேட்ட எந்தப் பேச்சும் பிள்ளைகளை இவ்வளவு அமைதியாக நிற்க வைக்கவில்லை. நாட்டு மதிப்பு கை வழியாகத்தான் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராணுவத்தில் இருந்த ஐயாவைப் பார்த்ததும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டேராடூன் ராணுவ அகாடமியை 1932ல் தொடங்கிவைத்தபோது அன்றைய பிரிட்டிஷ் இந்தியத் தலைமைத் தளபதி சேட்வுட் சொன்ன நெறிதான் இன்றும் அங்கே பயிற்சி பெறும் அதிகாரிகளுக்கு வேதம். எப்போதும் முதலில் நாடு. அடுத்து உன் கீழ் உள்ள வீரர்கள். உன் வசதி கடைசியில்.

ராத்திரி இதை மகனிடம் சொன்னேன். பள்ளிக் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன்.

"அப்போ டீம்ல எல்லாரும் தண்ணி குடிச்ச அப்புறம்தான் நான் குடிக்கணுமாப்பா?"

ஆமாம் என்றேன்.