கண்ணில் படாததையும் எண்ண வேண்டும்

காட்டுயிர்ப் பாதுகாப்பில் முதுகலை படிக்கிறேன், கடைசிப் பருவம். இதே படிப்பில் சேர நினைப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, "என்னென்ன விலங்கெல்லாம் பார்த்தீங்க?" நிறையவே பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஆனால் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் வேறு. கண்ணில் படாமல் போன விலங்குகளையும் நேர்மையாக எண்ண முடியும், அதற்கென்று முறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல ஆசை.

ஒரு காட்டுப் பாதையில் விடியற்காலை நடந்து போகிறீர்கள். எட்டு மான்கள் தென்படுகின்றன. அடுத்த ஆண்டு அதே பாதை, அதே மாதம், நான்குதான். மான் பாதியாகக் குறைந்துவிட்டதா? குறைந்திருக்கலாம். மழை நன்றாகப் பெய்து புதர் மண்டியதால் தெரியாமலும் இருந்திருக்கலாம். கூட நடந்தவர் காட்டுக்குப் புதியவராக இருந்திருக்கலாம். நம் கைக்கு வரும் எண் எப்போதும் இரண்டு சங்கதிகள் கலந்தது. அங்கே எத்தனை இருக்கின்றன என்பது ஒன்று, இருப்பதில் எத்தனை நம் கண்ணுக்குச் சிக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பிரித்தெடுக்காமல் முதலாவதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதை முதல் பருவத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள்.

ட்ரான்செக்ட் நடப்பது இதற்காகத்தான். முன்பே குறித்துவைத்த நேர்கோட்டில் மெதுவாக, பேச்சு மூச்சு இல்லாமல் நடப்போம். விலங்கு தென்பட்டதும் எத்தனை, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று மூன்றையும் குறிக்க வேண்டும். தூரத்தை அது முதலில் நின்ற இடத்துக்குத்தான் அளக்க வேண்டும். நம்மைக் கண்டு ஓடிப்போய் நின்ற இடத்துக்கு அளந்தால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும். மான் கூட்டம் சிதறும்போது மனசு அதன் பின்னாலேயே ஓடும். கை மட்டும் தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டரை, இப்போது ஒன்றுமே இல்லாத அந்த மரத்தடிக்குத் திருப்ப வேண்டும். பழக நாளாகும். கோட்டின் மேல் நிற்பது எதுவும் தப்பாது, தள்ளிப் போகப் போகத் தென்படுவது குறையும் என்பது இந்த முறையின் அடிப்படை. தூரம் கூடும்போது அது எப்படிக் குறைகிறது என்பதை வைத்து, தவறவிட்டது எவ்வளவு என்று கணக்கிடுகிறோம்.

விலங்கைத் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தால் வேறு வழி இருக்கிறது. ஒரு குளத்தில் 20 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டுத் திரும்ப விடுகிறோம். சில நாள் கழித்து 25 மீன் பிடித்தால் அதில் 5-ல் நம் அடையாளம் இருக்கிறது. பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு அடையாளமிட்டது என்றால், முதலில் விட்ட 20 மீனும் குளத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆக, குளத்தில் சுமார் 100. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-ல் மீன்களிலும், அமெரிக்காவின் லிங்கன் 1930-ல் வாத்துகளிலும் பயன்படுத்திய இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடலாம். முதன்முதலில் கரும்பலகையில் இதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. புலிக்கு உடம்பு வரியே அடையாளம் என்பதால் பிடிக்கவே வேண்டியதில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில், விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா ட்ராப் படங்களைக் கொண்டு காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் புலிகளை இந்த வழியில் மதிப்பிட்ட ஆய்வு 1995-ல் வெளியானது. இன்று உலகம் முழுக்க வரியும் புள்ளியும் உள்ள எத்தனையோ விலங்குகளுக்கு இதுதான் வழி.

என் ஆய்வு சிறுத்தைகள் பற்றியது. சிறுத்தையின் இடது விலாவில் இருக்கும் புள்ளிகள் வலது விலாவில் இருக்காது, அதனால் பாதைக்கு இரண்டு பக்கமும் கேமரா கட்டுகிறோம். ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் லென்ஸில் விழாதபடி கொஞ்சம் முன்பின்னாக. பிறகு வேலையெல்லாம் மேசையில்தான். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலாவில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக நகர வேண்டும். தொடைக்குச் சற்று மேலே மூன்று புள்ளிகள் ஒட்டிக் கொக்கி வடிவில் தெரியும். அடுத்த படத்திலும் அதே கொக்கி, அதற்குக் கீழே அதே உடைந்த வளையம். அப்படிப் பொருந்தும்போது வரும் பரவசத்துக்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு படத்தில் மழையில் நனைந்திருக்கும், இன்னொன்றில் வயிறு பெருத்திருக்கும். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு பெண் சிறுத்தையை நான் கூட்டத்தில் அடையாளம் காட்டுவேன்.

புள்ளியியலைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். நம் கையால் சேர்த்த தரவு என்றால் கணக்கு தானாகப் பேசத் தொடங்கும். 1984-ல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் எழுதிய ஒரு கட்டுரையை எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டியிருக்கும். தீப்பிடித்த காடு ஒன்று, பிடிக்காத காடு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஐம்பது சதுரங்கள் போட்டுச் செடி எண்ணுகிறோம் என்று வையுங்கள். தீயின் விளைவைச் சொல்ல நம்மிடம் இருப்பது ஐம்பது மாதிரிகள் இல்லை, ஒன்றுதான். எரிந்தது ஒரே ஒரு காடு. அவர் புரட்டிப் பார்த்த 176 ஆய்வுகளில், புள்ளியியல் சோதனை செய்தவற்றில் 48% இந்தக் குழியில் விழுந்திருந்தன. இதைப் படித்த பிறகு எந்தச் செய்தியையும் பழைய கண்ணோடு படிக்க முடிவதில்லை.

கோட்பாட்டு வகுப்பு வறட்சியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லவே இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963-ல் தொடங்கி நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அதற்கு இரையாகிவந்த மட்டிச் சிப்பிகள் பெருகிப் பாறையை நிரப்பின, மற்றவற்றுக்கு இடமில்லாமல் போனது. பதினைந்து வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் எட்டுதான் மிஞ்சியதாக 1966-ல் எழுதினார். ரேமண்ட் லிண்டமன் என்ற இளம் சூழலியலாளரின் கதை மனசைப் பிசையும். மினசோட்டாவின் ஒரு சிறு ஏரியில் ஆற்றல் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கணக்கெடுத்தார். கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். 1942-ல் அது அச்சாகும் முன்பே, 27 வயதில் இறந்துவிட்டார். இன்று உணவுச்சங்கிலி பற்றி எந்தப் பாடநூலும் அவரில்லாமல் நகராது.

பாதுகாப்புப் பாடத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஓநாய்க் கதை கட்டாயம் வரும். ஓநாய்கள் அற்றுப்போயிருந்த அங்கே 1995-லும் 1996-லும் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, வில்லோ மரங்கள் தழைத்தன, ஆறே மாறியது என்பார்கள். எங்கள் பேராசிரியர் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பில் அதற்கு எதிரான ஆய்வுகளை எங்கள் முன் வைத்தார். கரடியும் வேட்டையும் வறட்சியும் எல்க்குகளைக் குறைத்தன, ஓடையில் அணை கட்டும் பீவர்கள் போய் நிலத்தடி நீர் இறங்கிய இடங்களில் வில்லோ சுலபத்தில் மீளவில்லை. பிடித்த கதையையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு வகுப்புகளுக்கு நான் கடன்பட்டவள்.

பாறு கழுகுகள் விஷயம் இன்னும் ஆழமாகத் தைத்தது. 1990-களில் தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. நோயா, பூச்சிமருந்தா என்று தேடி, கடைசியில் 2004-ல் டைக்ளோஃபெனாக் என்று வெளிவந்தது. மாட்டுக்கு வலிக்குப் போடும் மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. செத்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தன. பறவையியலும் வேதியியலும் கால்நடை மருத்துவமும் சட்டமும் ஒன்றுசேராமல் இது நடந்திருக்காது. காட்டில் மட்டும் தேடியிருந்தால் காரணம் கிடைத்தே இருக்காது.

மனிதர்களைப் பற்றிய பாடத்தை விருப்பப் பாடமாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவரிடம் உட்கார்ந்து பேசத் தெரியாமல் சிறுத்தையைப் பாதுகாக்க முடியாது. ஆட்டை இழந்தவருக்கு இழப்பீடு எப்போது வருகிறது என்பதும் சூழலியல் கேள்விதான்.

வேலை உறுதியா என்றால், இல்லை. ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களாகவே கிடைக்கும், குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

எங்கே சேரலாம் என்று தேடும்போது கட்டடத்தையும் விளம்பரப் புலிப்படத்தையும் விட்டுவிட்டு, படித்துக்கொண்டிருப்பவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். களத்தில் இருக்கும் நாட்கள் பாடத்திட்டத்தில் எத்தனை? ஆய்வுக் கேள்வியை மாணவர் தானே தேர்ந்தெடுக்க விடுகிறார்களா? ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைச் சொந்தத் தரவில் கற்பிக்கிறார்களா? களத்துக்குப் போகும் பெண்களுக்கு என்ன ஏற்பாடு? "எதிர்பார்த்தது கிடைக்கவில்லை" என்று முடிகிற ஆய்வேட்டுக்கும் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால், தைரியமாக விண்ணப்பம் போடுங்கள்.