எஸ்டீம் எஞ்சினை வீட்டில் கட்டும்போது: எதை முதலில் வாங்குவது

பழைய மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினை வீட்டு ஷெட்டில் இறக்கி, கொஞ்சம் வேகத்துக்காகக் கட்ட நினைக்கிறவர்கள் பலரும் முதலில் ஆர்டர் போடுவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைத்தான். அது கடைசியில் வாங்க வேண்டிய சாமான். 1999-இல் வந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன சக்தி 85 குதிரைத்திறன். அதற்கு மேல் எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட, எத்தனை ஆர்.பி.எம். வரை சுற்றப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாச் செலவையும் அந்த ஓர் எண் தீர்மானித்துவிடும்.

முதல் எஞ்சினுக்கு 7000 போதும். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. என்பதால் அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.6 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கம்பெனி கிராங்க்கும் கனெக்டிங் ராடும் இதைத் தாங்கும். விரிசல் சோதனை செய்து, ராட் போல்ட்டுகளை மட்டும் புதிதாகப் போடுங்கள். போல்ட் மாற்றினால் பிக் எண்ட் (ராட் கிராங்க்கைப் பிடிக்கும் முனை) துளையின் வட்டம் மாறும். போல்ட்டை முறுக்கி, அளந்து, தேவைப்பட்டால் ரீசைஸ் செய்த பிறகுதான் பேரிங் வாங்க வேண்டும். விலை கூடிய ஃபோர்ஜ்டு ராட் இந்த எஞ்சினில் வீண் செலவு. அந்தப் பணத்தை நல்ல லேத் பட்டறைக்குக் கொடுங்கள்.

பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கைப் போரிங்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) அனுப்பாதீர்கள். முதல் தடவை கட்டுகிறவர்கள் அதிகம் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். '0.50 ஓவர்சைஸ்' (அசலைவிட 0.50 மி.மீ. பெரிது) என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நாலு பிஸ்டனும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது; 0.01 மி.மீ. வித்தியாசம்கூடக் கணக்கில் வரும். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் அளந்து, எண் போட்டு, அந்தந்த சிலிண்டருக்கென்று கொடுக்க வேண்டும். கம்பெனி வகை வார்ப்புப் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், 0.07-இலிருந்து 0.09 வரை கேட்கும். கூட வரும் தாளில் உள்ள எண்தான் முடிவு. பட்டறைக்காரர் பழக்கத்தில் ஃபோர்ஜ்டுக்கும் 0.03 வைத்துவிட்டால், சூடேறியதும் பிஸ்டன் பிடித்து, ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) உரிந்துவிடும். எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. ஹோனிங் (சுவரை நுண்மையாகத் தேய்த்து முடிப்பது) செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதில் பூட்டும் தடித்த தகடு) முறுக்கிச் செய்வார்களா என்றும் கேளுங்கள். ஹெட் போல்ட்டின் இழுப்பில் சிலிண்டர் வட்டம் கோணுவதை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

ஓவர்சைஸ் போடுவதால் சக்தி கூடும் என்ற நினைப்பு வேண்டாம். 74 மி.மீ. போர் 74.5 ஆனால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துக் கூடுவது சுமார் 17.6 சி.சி. கோடு விழுந்த சுவரைச் சுத்தமாக்குவதற்குத்தான் போரிங். 0.25-இல் சுத்தமாகிவிட்டால் அதோடு நிறுத்துங்கள், அடுத்த முறைக்குச் சுவர் மிஞ்சும்.

ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பாருங்கள். போர் 74.5 என்றால், மேலே உள்ள முதல் ரிங்குக்கு 0.30 மி.மீ., இரண்டாவது ரிங்குக்கு 0.35. குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும், வெளிமுகத்திலிருந்து உள்ளே பார்த்து அரத்தால் தேய்த்து, பிசிறை எடுங்கள். சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் மட்டும் போகாது, பிஸ்டனின் மேல் விளிம்பும் உடைந்து வரும்.

கம்ப்ரஷனை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, துளை போட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஹெட்டில் ஒட்டி, பியூரெட்டால் திரவம் நிரப்பினால் அறையின் கொள்ளளவு தெரியும். அதோடு கேஸ்கெட், பிஸ்டன் உச்சி, டெக் இடைவெளி (பிஸ்டன் உச்சிக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் நடுவே உள்ளது) எல்லாம் கூட்டி 36 சி.சி. வந்தால், 74.5 போரில் கம்ப்ரஷன் விகிதம் 10.1. இரண்டே சி.சி. குறைந்து 34 ஆனால் 10.7-க்குப் போய்விடும். சாலை வண்டிக்கு 10-ஐ ஒட்டி நிற்பது என் கணக்கில் பத்திரம். இன்றைய ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) எதிர்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் அதற்கு எரிபொருள் அதிகம் வேண்டும், முழு எரிப்புக்கான காற்று-எரிபொருள் விகிதம் 14.7-க்குப் பதில் 13.5 அளவில் வரும். ட்யூனிங் செய்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஹெட்டின் வளைவு 0.05 மி.மீ.யைத் தாண்டினால் சீவ வேண்டும். சீவினால் கேம், கிராங்க்கை நெருங்கி, வால்வு டைமிங் தாமதமாகும். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்ட்டபிள் கேம் புல்லி ஒன்று தேவைப்படும். வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருந்தால் முதலில் கைடு, பிறகுதான் சீட் (வால்வு உட்காரும் இடம்) கட்டிங். வரிசை மாறினால் சீட் மறுபடி கோணும்.

ஆயில் பம்ப்பில் பேரம் வேண்டாம், புதுசு போடுங்கள். அதைவிட முக்கியம், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங். பழசை எடுத்துப் பார்த்தால் கல் மாதிரி இறுகி, ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அந்த வழியாகப் பம்ப் காற்றை இழுத்தால், புது பேரிங் எல்லாம் வீண்.

இப்போது கேம். கூடவே அதற்குப் பொருந்தும் ஸ்பிரிங், புது ராக்கர். தேய்ந்த ராக்கர் புது கேமின் முகத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, வெட்டிப் பாருங்கள்: களிமண்ணின் தடிமன், அதாவது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி, இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஓவர்லாப் (இன்லெட்டும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம் ஐடிலிங்கில் வேக்குவத்தைக் கெடுக்கும். இன்லெட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் குழம்பும், பூஸ்டரின் உதவி குறைந்து பிரேக் பெடலும் இறுகும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடாதீர்கள், ரிங் படியாது. துத்தநாகம் கலந்த மினரல் ஆயில் ஊற்றி, கசிவு பார்த்தவுடன் ரோட்டுக்கு எடுத்து, மூன்றாவது கியரில் பாதி ஆக்ஸிலரேட்டரில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 50 கிலோமீட்டரில் ஆயிலைக் கொட்டி, ஃபில்டரை வெட்டி விரியுங்கள். மடிப்புகளில் கறுப்புப் பொடி மட்டும் இருந்தால் சரி. செம்பு நிறமோ, வெள்ளி நிறத்தில் தகடு தகடாகவோ இருந்தால் பேரிங் போகிறது. வண்டியை அங்கேயே நிறுத்திப் பிரியுங்கள்.