30 கிலோமீட்டருக்குப் பிறகு அதே சாலை வேறு

மாரத்தானுக்கான பயிற்சி அட்டவணைகள் வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும், எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்த நாளில் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நுணுக்கமாகச் சொல்கின்றன. அந்தக் கிலோமீட்டர்களை ஓடப்போகிற சாலையின் ஓரத்தில் என்ன கிடக்கும், எது குறுக்கே வரும் என்ற கேள்விக்கு மட்டும் 'கவனமாக ஓடுங்கள்' என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. நீண்ட தூர ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பழகிவரும் எனக்கு அந்த வரி போதுமானதாகத் தோன்றவில்லை. கவனம் செலுத்துவதும் உடலின் வேலைதான். தொடைத் தசை களைப்பதைப் போலவே அதுவும் களைக்கிறது.

முன்னோக்கி வீசப்படும் பாதம் தரையிறங்குவதற்குச் சற்று முன்பு தரையை ஒட்டியே செல்கிறது. களைப்பு ஏற ஏற முழங்கால் எழும்பும் உயரம் குறைந்து, அந்தச் சிறிய இடைவெளியும் சுருங்கிவிடுகிறது. தசைகளில் எரிபொருளாகச் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டர் அளவில் தீரத் தொடங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால் மூளையும் மந்தமாகிறது, ஏனெனில் அதற்கும் குளுக்கோஸ்தான் எரிபொருள். ஆகவே, 5 கிலோமீட்டரில் கால் தானாகத் தாண்டிச் சென்ற மேட்டை, திரும்பி வரும் வழியில் அதே கால் விரல் நுனியால் இடித்துக்கொள்கிறது.

பெரிய குழிகளை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். நான் அதிகம் அஞ்சுவது அட்டைப் பெட்டிகளைக் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைத்தான். வெட்டாமல் உருவி எறியப்பட்ட பட்டை ஒரு வளையமாகச் சாலையோரத்தில் கிடக்கும். வெயிலில் நிறம் வெளுத்துத் தூசியோடு தூசியாக இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. அதன் ஒரு விளிம்பை இடது கால் மிதிக்கும்போது மறு விளிம்பு தரையிலிருந்து சட்டென்று எழும்புகிறது. அதே நொடியில் முன்னே வருகிற வலது கால் அந்த வளையத்துக்குள் நுழைகிறது. இடது கால் இன்னும் பட்டையின் மேலேயே ஊன்றியிருப்பதால் வலது கால் விலங்கிட்டது போல் நின்றுவிட, உடல் மட்டும் ஓட்டத்தின் வேகத்தோடு முன்னே போய் விழுகிறது. வேறெந்தத் தடுமாற்றத்திலும் அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளித்துவிடலாம். இதில் அந்தக் கால்தான் கட்டுண்டு கிடக்கிறது. கையை நீட்டி விழுபவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவதும் உண்டு. வளையமாக எது கிடந்தாலும் நின்று எடுத்து, முடிந்தால் அறுத்து, குப்பைத் தொட்டியில் சேர்ப்பது என் வழக்கம். அதற்காக இழக்கும் சில விநாடிகளைப் பற்றி ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. பின்னால் வருபவர் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவராகவும் இருக்கலாம். வெடித்த லாரி டயரின் துண்டுகளும் அப்படித்தான்: அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு இழைகள் காலணியின் அடிப்பகுதியை எளிதில் துளைத்துவிடும்.

நடைபாதை இல்லாத சாலையில் வாகனங்களுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும் என்ற விதி அனைவருக்கும் தெரியும். அது சரியான விதியும்கூட. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது; அதை முன்கூட்டியே பார்ப்பது ஒன்றே நமக்குள்ள பாதுகாப்பு. ஆனால், அந்த விதியே ஓர் இடத்தில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. பக்கத்துத் தெருவிலிருந்து நம் பக்கமாகச் சாலையில் சேர வருகிற ஓட்டுநர், வாகனங்கள் வரும் திசையை மட்டும் பார்த்து, அங்கே இடைவெளி தெரிந்தவுடன் முடுக்கிவிடுகிறார். நாமோ அவர் பார்க்காத மறுபுறத்திலிருந்து வருகிறோம். அவருடைய கண் என்னைப் பார்த்ததாக உறுதியானால் ஒழிய நான் அந்த வாகனத்தின் முன்னால் கடப்பதில்லை, பின்னால் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். உள்வளைவுகளிலும் இந்த விதியைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றக் கூடாது. சுவரோ புதரோ பார்வையை மறைக்கும் வளைவு வருமானால், அதற்கு நன்கு முன்பே எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட்டு, வளைவு முடிந்ததும் திரும்புவதே நல்லது.

அதிகாலை ஓட்டத்தில் நிழலையும் கவனிக்கப் பழகியிருக்கிறேன். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கிறது என்று பொருள். எனக்குச் சாலை முழுவதும் பளிச்சென்று தெரியும் அந்த நேரத்தில் அவருக்கு நான் தெரிவதே இல்லை. எவ்வளவு பளபளப்பான மேலாடையும் அப்போது உதவாது. சாலையை விட்டு இறங்கி ஓடுவதுதான் வழி.

இயர்போனைப் பற்றி என் கருத்து கடுமையானது: வாகனங்கள் ஓடும் சாலையில் இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு ஓடக் கூடாது. மின்சார வாகனங்கள் குறைந்த வேகத்தில் மிகக் குறைந்த சத்தத்தோடு நகர்கின்றன. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், 2021 ஜூலை முதல் பதிவாகும் புதிய மின்கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறது. காது திறந்திருந்தால் அல்லவா அந்த ஒலியால் பயன்?

நாய் துரத்துவது ஓட்டக்காரர்கள் எல்லாரும் அறிந்த ஆபத்து. ஆயினும் அதில் பலர் எண்ணாத பகுதி, துரத்தலுக்கு நம் உடல் கொடுக்கும் பதில். களைத்த கால்களோடு திடீரென்று முழு வேகத்தில் பாய்ந்தால் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளவோ கிழியவோ கூடும். நாயையும் முந்த முடியாது, நடக்கவும் முடியாது. ஓடும் உருவமே நாயைத் தூண்டுவதால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல், கண்ணோடு கண் பார்க்காமல், அதன் எல்லையிலிருந்து மெல்ல விலக வேண்டும். கடித்துவிட்டால், தோலில் சிறு கீறல் மட்டுமே இருந்தாலும், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் முறைப்படி சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது அரிதினும் அரிது என்பதால், ஓட்டத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே இங்கு இடமில்லை.

மழைக்குப் பிறகு சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளும் தாரைவிட வழுக்கும். தேங்கிய நீருக்கு அடியில் மூடி இருக்கிறதா என்பதே தெரியாது. அறுந்து விழுந்த மின்கம்பி இவையெல்லாவற்றையும்விடக் கொடியது. கம்பி தரையைத் தொடும் இடத்திலிருந்து மின்னழுத்தம் தூரத்துக்குத் தக்கவாறு குறைந்துகொண்டே போவதால், இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாக இருந்தால் உடல் வழியே பாயும் மின்சாரமும் அதிகமாகும். அருகில் சென்றுவிட்டோம் என்று உணர்ந்தால் பாய்ந்து ஓடக் கூடாது. பாதங்களை ஒன்றோடொன்று சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தி விலக வேண்டும். எட்டி அடி வைப்பதையே பழக்கமாகக் கொண்டவர்களுக்கு இது இயல்பாக வராது என்பதால், முன்பே மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம்.

களைப்புற்ற உடல் ஒரு குறுக்கீட்டை எவ்வளவு கடினமாகத் தாங்குகிறது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பிரேசில் வீரர் வாண்டர்லேய் டி லிமாவை, சுமார் 35 கிலோமீட்டர் கடந்த நிலையில், ஒருவர் பாய்ந்து வந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். மற்றொரு பார்வையாளரின் உதவியால் விடுபட்டு மீண்டும் ஓடினாலும், அவர் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. இந்தப் போட்டியின் தரத்தில் உள்ள ஒருவருக்கே அப்படியென்றால், எங்களைப் போன்றவர்கள் நீள ஓட்டத்தின் இறுதிப் பகுதியில் திடீர் நிறுத்தங்களுக்கு இடமளிக்கக் கூடாது.

அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிக் கிலோமீட்டர்களிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறேன். சந்திப்புகளும் மேடுபள்ளமும் நாய்களும் உள்ள பகுதிகளை, கண்ணும் காலும் புதிதாக இருக்கும் முதல் மணி நேரத்திலேயே கடந்துவிடுவேன். கடைசி 10 கிலோமீட்டருக்கு வாகனம் நுழையாத பூங்காப் பாதையோ விளையாட்டுத் திடலைச் சுற்றிய தடமோ கிடைத்தால் அதையே திரும்பத் திரும்பச் சுற்றுவேன். ஒரே திசையில் வளைந்து ஓடுவதால் ஒரு பக்கக் கால் அதிகம் உழைக்காதபடி நடுவில் திசையையும் மாற்றிக்கொள்வேன். உடன் ஓடும் நண்பர்கள் இதைச் சலிப்பூட்டும் வழி என்பார்கள். களைத்த நிலையில் கவனிக்க வேண்டியவை எவ்வளவு குறைவாக உள்ளனவோ அவ்வளவுக்கு என் ஓட்டம் சீராக அமைகிறது என்பதால், அந்தச் சலிப்பை நான் விரும்பியே ஏற்கிறேன்.