சென்னையும் தூத்துக்குடியும் ஒரே கோட்டில்: லூப் ஆன்டெனா செய்து பார்த்த அனுபவம்

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசிக்கொள்ளும் 160 மீட்டர் பேண்டில், அதாவது 1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம், எங்கள் வீட்டில் ராத்திரியில் கேட்பது ஒரே கரகரப்புதான். தஞ்சாவூரில் நெருக்கமான தெரு. மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி கட்டியிருந்தேன். கம்பியை நீட்டினால் நிலையம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இரைச்சலும் ஏறியது. இவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் வெளியிலிருந்து வரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலை விடப் பல மடங்கு அதிகம். ஆன்டெனா கொஞ்சமாகப் பிடித்தாலும் போதும், வேண்டாத திசையை ஒதுக்கத் தெரிந்தால் சரி. ஐப்பசியில் ஒரு லூப், அதாவது கம்பியைச் சட்டத்தில் வளையமாகச் சுற்றிய ஆன்டெனா, கட்ட உட்கார்ந்தேன்.

பிவிசி பைப்பில் சிலுவை மாதிரி ஒரு சட்டம். அதன் நாலு முனையிலும் ரம்பத்தால் கீறி, வீட்டு வயரிங்குக்குப் போடும் கம்பியைச் சுற்றினேன். பக்கத்துக்கு ஒரு மீட்டர் சதுரம். அடியில் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய சிமெண்ட், அதில் நட்ட இரும்புக் குழாய், குழாய்க்குள் சட்டத்தின் கால் சுழலும். குழாயின் வாயில் ஸ்கூல் பாகைமானி ஒன்றை ஒட்டினேன்.

முதலில் 8 சுற்று போட்டேன். மீடியம் வேவ் அருமையாக ட்யூன் ஆனது. ஆனால் 1.8க்கு ஏறவே இல்லை. 8 சுற்றுக்கு இண்டக்டன்ஸ் சுமார் 200 மைக்ரோஹென்றி. 1840 கிலோஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய 37 பிகோஃபாரட் கொள்ளளவுதான் தேவை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் தானாக உள்ள கொள்ளளவும் கேங்கின் (ட்யூன் செய்யத் திருப்பும் கண்டென்சரின்) குறைந்தபட்ச அளவும் சேர்ந்தே அதைத் தாண்டிவிடும். கம்பியைக் கழற்றி 3 சுற்றாக்கினேன். இப்போது 35 மைக்ரோஹென்றி, 1840க்கு 210 பிகோஃபாரட் சொச்சம். கேங் நடுவாக்கில் நின்றது.

இனி திசை சோதனை. சட்டத்தின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து நிலையம் நன்றாகக் கேட்கும், முகம் பார்க்கும் பக்கம் கேட்காது. எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று வரைந்தால் எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்த மாதிரி ஒரு வடிவம். இதில் உச்சம், அதாவது நன்றாகக் கேட்கும் திசை, மந்தமானது: 25 டிகிரி விலகினாலும் ஒரு டெசிபல்கூடக் குறையாது. பள்ளம், அதாவது நிலையம் மறையும் திசை, அப்படி இல்லை, கத்தி முனை மாதிரி. அதனால் லூப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உச்சத்தைத் தேடிப் பயனில்லை, பள்ளத்தைத்தான் தேட வேண்டும்.

இங்கேதான் தஞ்சாவூர் எனக்குக் கை கொடுத்தது. வரைபடத்தில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது தஞ்சாவூரை ஒட்டியே போகிறது. சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி வானொலி 1053. ஒன்று எனக்கு வடகிழக்கே, மற்றது நேர் எதிரே தென்மேற்கே. நான்கைந்து டிகிரிக்குள் நேர்கோடு. அப்படியானால் சட்டத்தை ஒரே கோணத்தில் நிறுத்தினால் இரண்டு நிலையமும் மறைய வேண்டும். 720க்கும் 1053க்கும் தனித்தனியாகக் கண்டென்சர் சேர்த்து ட்யூன் செய்து, பட்டப்பகலில் சோதித்தேன். ராத்திரியில் வேண்டாம். அப்போது அலை வானத்திலிருந்து சாய்வாக இறங்கும், பள்ளம் கலங்கிப் போகும்.

சென்னை மறைந்த கோணத்துக்கும் தூத்துக்குடி மறைந்த கோணத்துக்கும் 17 டிகிரி வித்தியாசம். பள்ளமும் ஆழமில்லை, 12 டெசிபல் இறங்கி அதோடு நின்றது.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். லூப்பின் ஒரு முனையைக் கோஆக்ஸின் (ரிசீவருக்குப் போகும் கேபிளின்) நடுக்கம்பியில், மறு முனையை அதன் ஷீல்டில் (வெளிவலையில்) கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் மொத்தச் சட்டமும், கீழே இறங்கும் 15 மீட்டர் கேபிளும் சேர்ந்து ஒரு செங்குத்துக் கம்பியாகவும் வேலை செய்கிறது. அந்தக் கம்பிக்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கமும் சமம். அது லூப்பின் சிக்னலோடு கலக்கும்போது பள்ளம் இரண்டும் 180 டிகிரி எதிரெதிரே நிற்பதில்லை. ஒரு பக்கமாக நெருங்கி வந்துவிடும். ஒரு நிலையத்தை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் பாகைமானியைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். எதிரெதிரே இரண்டு நிலையம் இருந்ததால் ஒன்று இடமும் மற்றது வலமும் விலகி, கோளாறு தானாகவே வெளியே தெரிந்தது.

தீர்வு கேங்கிலேயே இருந்தது. அதை எனக்குக் கொடுத்தவர் கீழவாசல் பக்கம் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக். வால்வு ரேடியோவில் இருந்து கழற்றிய இரட்டைக் கேங். தரும்போதே, "தம்பி, இதில் ரெண்டு ரோட்டரும் ஃப்ரேமோடு ஒட்டியது, தனியாகப் பிரிக்க முடியாது, பார்த்துப் போடுங்க" என்றார். ரோட்டர் என்பது சுழலும் தகடுகள், ஸ்டேட்டர் என்பது அசையாத தகடுகள். அன்றைக்கு அதை ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். லூப்பின் இரண்டு முனையையும் இரண்டு ஸ்டேட்டரில் கொடுத்து, ஃப்ரேமை நடுவில் விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் தராசு மாதிரி சமமாகிவிடுகிறது. கொள்ளளவு பாதியாகும், 250 பிகோஃபாரட் வரைதான் கிடைக்கும். 1840க்கு அது போதும்.

கோஆக்ஸை லூப்பிலிருந்து முழுவதுமாகப் பிரித்தேன். சட்டத்தின் உட்பக்கம் தனியாக ஒரே ஒரு சுற்று லிங்க், அதிலிருந்து ஃபெரைட் வளையத்தில் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள், அதன் பிறகே கேபிள். கேபிளையும் இன்னொரு ஃபெரைட் வளையத்தில் பத்து சுற்று சுற்றி விட்டேன், ஷீல்டின் வெளிப்புறமாக வீட்டு இரைச்சல் ஏறி வராமல் இருக்க.

மறுநாள் காலை பத்து மணிக்கு 720இல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தைத் திருப்பத் திருப்பக் குரல் சன்னமாகி, வார்த்தை பிரியாமல் முணுமுணுப்பாகி, ஓர் இடத்தில் இல்லாமலே போனது. ஓரத்தை ஒரு விரல்கடை நகர்த்தினேன், வார்த்தை திரும்ப வந்தது. ஒரு மீட்டர் சட்டத்தில் ஒரு விரல்கடை என்பது ஒன்றரை, இரண்டு டிகிரிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் பத்துத் தடவையாவது செய்திருப்பேன். பிறகு 1053. அதே கோணத்திலிருந்து 4 டிகிரி தள்ளித் தூத்துக்குடியும் மறைந்தது. ஆழம் 28 டெசிபல். மேற்கே திருச்சி 936 வேறு பக்கத்திலேயே முழங்குகிறதே, அதையும் வடக்கு தெற்காக நிறுத்தி அடக்கிப் பார்த்தேன்.

அன்று ராத்திரி 1.8க்குத் திரும்பினேன். எங்கள் இரைச்சல் தென்மேற்கிலிருந்து வருகிறது, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 235 டிகிரி வாக்கில். ஏதோ ஒரு வீட்டு அடாப்டரோ எல்இடி விளக்கோ தெரியாது. கையில் ரேடியோவோடு இரண்டு தெரு நடந்து பார்த்தேன், எந்த வீடு என்று பிடிபடவில்லை. சட்டத்தின் முகத்தை அந்தப் பக்கம் காட்டியதும் கரகரப்பு சட்டென்று அடங்கியது. விளிம்பு இப்போது வடமேற்கே. ஐரோப்பா அந்தத் திசைதான், 320 டிகிரி. விடியற்காலை ஆறு மணிக்கு, அங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மோர்ஸில் மூன்று ஜெர்மானிய நிலையங்களைக் கேட்டேன். கம்பி ஆன்டெனாவில் இவற்றின் சாயல்கூட இருந்ததில்லை.

ஆனால் ஜப்பான் வரவில்லை. வரவும் வராது. தஞ்சாவூரிலிருந்து ஜப்பான் 55 டிகிரி, இரைச்சல் 235. நேர் எதிர். எட்டு வடிவத்தில் ஒரு பள்ளத்தை இரைச்சலுக்குக் கொடுத்தால் மறு பள்ளம் ஜப்பான் மேல் விழுகிறது. சென்னை தூத்துக்குடிக் கோடு பகலில் சொன்ன அதே விஷயம்.

ஒரே பக்கம் மட்டும் பள்ளம் வேண்டுமென்றால், இத்தனை பாடுபட்டு விரட்டிய செங்குத்துக் கம்பியை இப்போது அளவோடு திரும்பக் கூப்பிட வேண்டும். லூப்புக்கு முன்பக்கமிருந்து வரும் அலையும் பின்பக்கமிருந்து வரும் அலையும் எதிரெதிர்க் குறியில் சிக்னலைத் தரும், கம்பிக்கு இரண்டும் ஒரே குறி. அளவும் கட்டமும் (அலையின் ஏற்ற இறக்கம் நிற்கும் இடமும்) பொருந்தினால் ஒரு பக்கம் கூடும், மறு பக்கம் அழியும். வரைந்து பார்த்தால் இதய வடிவம். இதில் சட்டத்தைப் பிடிக்கும் முறையே மாறிவிடுகிறது: முன்பு இரைச்சலுக்கு முகத்தைக் காட்டினேன், இப்போது விளிம்பைக் காட்ட வேண்டும்.

மூன்று மீட்டர் அலுமினியக் குழாய், சிக்னலைப் பெருக்க ஒரு சிறு ப்ரீஆம்ப், அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர். இரண்டு வாரம் இதிலேயே போனது. லூப்பின் சிக்னல் கம்பியின் சிக்னலிலிருந்து கால் சுழற்சி தள்ளி நிற்கும், அதைச் சேர்த்து வைக்க வேண்டும். 1840இல் பள்ளம் கிடைத்தால் 1830இல் காணாமல் போகிறது. காரணம் ட்யூனிங். என் லூப்பின் க்யூ, அதாவது ட்யூனிங்கின் கூர்மை, 90 பக்கம், பேண்ட் அகலம் 20 கிலோஹெர்ட்ஸ். நடுவிலிருந்து 10 தள்ளினாலே கட்டம் 45 டிகிரி திரும்பிவிடும். லூப்புக்கு இணையாக 8.2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தேன். அதே 10 கிலோஹெர்ட்ஸுக்கு இப்போது 10 டிகிரிதான் திரும்புகிறது. சிக்னல் 15 டெசிபல் இறங்கியது. லூப்பின் பக்கமும் ஒரு ப்ரீஆம்ப் போட்டு, ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன். ரிசீவரில் இரைச்சல் தெளிவாகக் குறைந்தது. வெளி இரைச்சல்தான் இன்னும் மேலே நிற்கிறது என்று அர்த்தம், ஆகவே இழந்தது எதுவும் இல்லை.

பகல் சோதனைக்கு மறுபடியும் தூத்துக்குடி. விளிம்பைச் சென்னைக் கோட்டில் நிறுத்தி, லிங்க்கின் இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்தால் 1053 மறைகிறது, திரும்ப மாற்றினால் வருகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் 15 டெசிபல். 28ஐப் பார்த்த கண்ணுக்கு இது குறைவுதான். ஆனாலும் எதிர்த்திசை இப்போது திறந்திருக்கிறது.

மார்கழி இரண்டாம் வாரம், மின்னல் இல்லாத வானம். அலாரம் வைத்து அதிகாலை மூன்றுக்கு மாடி ஏறினேன். ஜப்பானில் பொழுது விடியும் நேரம் அது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சிக்னல் ஏறும். விளிம்பு 55இல். பொட்டென்ஷியோமீட்டரை மெல்லத் திருப்பி, கரகரப்பு அடங்கிய இடத்தில் கையை எடுத்தேன். 1821இல் ஒரு மெலிந்த மோர்ஸ். முதல் எழுத்து புள்ளி, கோடு, கோடு, கோடு: ஜே. அடுத்தது புள்ளி, கோடு: ஏ. ஜப்பானிய நிலையத்தின் அழைப்புக்குறி தொடங்கும் எழுத்துகள். மிச்ச எழுத்துகளை மூன்றாவது அழைப்பில்தான் முழுதாக எழுத முடிந்தது. 3.20க்கெல்லாம் அந்த நிலையம் மங்கி இல்லாமல் போனது. கைப்பிடிச் சுவரில் 55க்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கினேன். லிங்க்கை மாற்றிக் கொடுக்க இப்போது ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அங்கே ஒரு ரிலே, அதாவது கீழிருந்தே மின்சாரத்தால் மாற்றும் சுவிட்ச், வைக்கிறேன்.